இசைக் கேள்விகள்: எலியான் ரதீக்கின் நீண்ட ஒலிகள்

பிரான்ஸ் நாட்டு மின்னணு இசைக்கலைஞர் எலியான் ரதீக்கைப் பற்றிச் சென்ற இதழில் வெளியான அறிமுகக் கட்டுரையை ஒட்டி நிறையக் கடிதங்கள் வந்திருக்கின்றன. சிலர் வியந்து எழுதியிருக்கிறார்கள், சிலர் பொறுமையிழந்து எழுதியிருக்கிறார்கள். இரு தரப்பினரும் அந்த இசையை உண்மையாகவே கேட்டுப் பார்த்துவிட்டு எழுதியிருப்பதால், இந்த மாதப் பகுதி முழுவதையும் அக்கேள்விகளுக்கே ஒதுக்குகிறேன்.

மதுரை வாசகர் ஒருவர்: நீங்கள் குறிப்பிட்டிருந்த 'கியேமா'வைப் பத்து நிமிடம் கேட்டேன். ஒரே ஒலி நீண்டுகொண்டே போகிறது. ராகம் இல்லை, தாளம் இல்லை, பாட்டும் இல்லை. இதில் இசை எங்கே இருக்கிறது?

நீங்கள் கேட்டது ஒரே ஒலி அன்று என்பதிலிருந்து தொடங்குகிறேன். ஒன்றுக்கொன்று மிக நெருங்கிய அதிர்வெண்களைக் கொண்ட பல சுரங்கள் அங்கே சேர்ந்து ஒலிக்கின்றன. விநாடிக்கு 110 முறை அதிரும் ஒரு சுரத்தோடு 111 முறை அதிரும் இன்னொரு சுரத்தைச் சேர்த்தால், நம் காது அவற்றை இரண்டாகப் பிரித்துக் கேட்பதில்லை. விநாடிக்கு ஒரு முறை ஏறி இறங்கும் ஒற்றை ஒலியாகவே கேட்கிறது. மேல்நிலைப் பள்ளி இயற்பியலில் விம்மல் என்று நாம் படித்தது இதைத்தான். இரண்டாவது சுரத்தை 110.1 என்ற அளவுக்கு நெருக்கிக்கொண்டு வந்தால், ஒவ்வொரு ஏற்ற இறக்கத்துக்கும் பத்து விநாடி ஆகும். ரதீக் வேலை செய்த இடம் இந்த நுண்ணிய இடைவெளிதான். ஆகவே தாளம் இல்லை என்று நீங்கள் சொல்வதை நான் முழுவதுமாக ஏற்க மாட்டேன். அலைகளின் ஏற்ற இறக்கத்தில் ஒரு கால அளவு இருக்கிறது. கையால் போட்டுக் காட்ட முடியாத அளவுக்கு அது மெதுவானது, ஒரே படைப்புக்குள் மாறிக்கொண்டும் இருப்பது.

நம் இசை கேட்டுப் பழகியவர்களுக்கு இதற்கு வெகு அருகிலேயே ஒரு வழி உண்டு. கச்சேரி தொடங்குவதற்கு முன் தம்புராவைச் சுருதி சேர்க்கும் நேரத்தை நினைத்துப் பாருங்கள். பாலத்தின் மீது தந்திக்கு அடியில் ஜீவாளி நூலைச் சற்றே நகர்த்தும்போது, மீட்டும் தந்தி மாறாமல் இருக்க, அதிலிருந்து எழும் மேற்சுரங்கள் ஒவ்வொன்றாகத் திறந்துகொள்கின்றன. நன்றாகச் சேர்ந்த தம்புராவில், யாரும் மீட்டாத அந்தர காந்தாரம் தானாகவே கேட்கும் என்பதைப் பாடகர்கள் அறிவார்கள். கச்சேரி தொடங்கியதும் நம் கவனம் பாட்டுக்குப் போய்விடுகிறது, தம்புரா பின்னால் நின்றுவிடுகிறது. அதற்குள் நடந்துகொண்டிருந்ததை முன்னுக்குக் கொண்டுவந்து, அதையே ஒரு மணி நேரத்துக்கு விரித்தால் என்ன ஆகும் என்று கேட்பது போன்றது ரதீக்கின் இசை. அவர் இதை இந்திய இசையிலிருந்து எடுத்துக்கொண்டார் என்று நான் சொல்லவில்லை. அவருடைய காலத்து அமெரிக்கக் கலைஞரான லா மான்ட்டி யங், 1970-ல் இந்துஸ்தானி இசையின் கிரானா கரானாவைச் சேர்ந்த பண்டிட் பிராண்நாத்திடம் சீடராகச் சேர்ந்தார்; அங்கே நேரடித் தொடர்பு உண்டு. ரதீக் தம் ஒலியை வேறு வழியில் கண்டடைந்தார். அது எப்படி என்பதைத் திருச்சி வாசகிக்கான பதிலில் சொல்கிறேன்.

பத்து நிமிடம் இதற்குப் போதாது. 'கியேமா' ஏறக்குறைய ஒரு மணி நேரம் நீளும் படைப்பு. ஒரு சோதனை செய்து பாருங்கள். ஐந்தாவது நிமிடத்தில் ஒரு சிறு பகுதியைக் கேளுங்கள். பின்பு நாற்பதாவது நிமிடத்துக்குத் தாவி அங்கே ஒரு சிறு பகுதியைக் கேளுங்கள். இரண்டும் வெவ்வேறு படைப்புகள் என்றே தோன்றும். அதன் பிறகு தொடக்கத்திலிருந்து இடைவிடாமல் கேட்டு, மாற்றம் எந்த இடத்தில் நிகழ்ந்தது என்று பிடிக்க முயலுங்கள். எனக்கு அந்த இடம் இதுவரை அகப்பட்டதில்லை. ஒவ்வொரு ஒலியும் தான் மறைவதற்கு வெகு முன்பே அடுத்த ஒலியைத் தனக்குள் ஏந்தியிருக்கிறது. அப்படி ஒன்றை அமைப்பதற்கு வேண்டிய திறமை, ஒரு ராகத்தை விரித்துப் பாடுவதற்கு வேண்டிய திறமைக்குக் குறைந்தது என்று நான் கருதவில்லை.

கோயம்புத்தூரிலிருந்து ஒரு பொறியியல் மாணவர்: மின்னணு முறையில் ஒலியை உருவாக்கும் கருவியான சிந்தசைசரை இயக்கிவிட்டால் ஒலி தானாக வந்துகொண்டிருக்கும். அப்படியானால் கலைஞருக்கு அங்கே என்ன வேலை?

இந்தக் கேள்விக்கு விரிவாகவே பதில் சொல்ல வேண்டும், ஏனென்றால் ரதீக்கின் படைப்புகளில் பெரும்பாலோர் கவனிக்காதது அவற்றுக்குப் பின்னால் இருக்கும் உடல் உழைப்பு.

அவர் ஏறத்தாழ 30 ஆண்டுகள் ஒரே கருவியோடு வேலை செய்தார். அலன் பேர்ல்மன் நிறுவிய அமெரிக்க நிறுவனமான ஆர்ப் தயாரித்த 'ஆர்ப் 2500' என்னும் சிந்தசைசர் அது. 1970-களின் தொடக்கத்தில் நியூயார்க்கில் வாங்கிப் பாரிசுக்குக் கொண்டுபோனார். அதற்கு 'ழ்யூல்' என்று ஒரு மனிதரின் பெயரையும் வைத்திருந்தார். வாங்கும்போதே பியானோக் கட்டைகளைப் போன்ற விசைப்பலகையை வேண்டாம் என்று விட்டுவிட்டார் என்பது என்னைப் பொறுத்தவரை மிக முக்கியமான செய்தி. விசைப்பலகை இருந்தால் கை பழக்கத்தின் காரணமாகச் சுரங்களைத் தேடிப் போகும்; பன்னிரண்டு சுரங்களுக்கு இடையே இருக்கும் நிலம் காதுக்கு எட்டாமலே போய்விடும். அது இல்லாதபோது, ஒலி அலைகளை எழுப்பும் அலையியற்றிகளின் குமிழ்களையும், அவற்றில் சில அதிர்வெண்களை மட்டும் விலக்கும் வடிகட்டிகளின் குமிழ்களையும் மயிரிழை அளவுக்குத் திருப்பி, காதை மட்டுமே நம்பிச் சுருதி சேர்க்க வேண்டியிருக்கும். ஆர்ப் 2500-ல் பகுதிகளை ஒன்றோடொன்று இணைக்கக் கம்பிகள் கிடையாது. நகர்த்தும் சிறு பொத்தான்கள் வரிசையாக இருக்கும். அக்காலத்துச் சிந்தசைசர்கள் பலவற்றின் சுருதி சற்று நேரத்தில் நழுவிவிடும். ஆர்ப் ஓரளவு உறுதியாக நிற்கும். விநாடிக்கு ஒரு அதிர்வைவிடக் குறைந்த வேறுபாடுகளோடு வேலை செய்பவருக்கு அந்த உறுதி எவ்வளவு தேவை என்பதை நீங்கள் உடனே புரிந்துகொள்வீர்கள்.

ஒலிகளைக் கண்டடைவது முதல் கட்டம். அதற்கே பல மாதங்கள் ஆகும். கிடைத்த ஒவ்வொரு ஒலியையும், அது மெல்ல உருமாறும் விதத்தையும், அவர் ஒலிநாடாவில் நீளமாகப் பதிவு செய்துகொள்வார். அடுத்த கட்டத்தில் அந்த நாடாக்களைப் பல கருவிகளில் ஒரே நேரத்தில் ஓடவிட்டு, ஒன்று தேய்ந்து மறைய இன்னொன்று வளர்ந்து வருமாறு கையாலேயே கலந்து, முழுப் படைப்பையும் ஒரே மூச்சில் இன்னொரு நாடாவில் இறக்குவார். கணினியில் இன்று நாம் செய்வதைப் போல ஐம்பதாவது நிமிடத்தில் நேர்ந்த பிழையை மட்டும் வெட்டி எடுத்துச் சரிசெய்ய அங்கே இடமில்லை. வெட்டினால் அந்த இடத்தில் ஒரு விளிம்பு தெரியும். விளிம்பே தெரியக்கூடாது என்பதுதான் அவருடைய கலையின் அடிப்படை. பிழை நேர்ந்தால் முதலிலிருந்து தொடங்க வேண்டும். ஒரு படைப்பு முடிய ஓராண்டோ அதற்கு மேலோ ஆனதற்குக் காரணம் இதுவே.

ஆகவே கருவி தானாக ஒலிக்கிறது என்பது உண்மைதான். ஆனால் அது தானாக ஒலிப்பது எந்த இசைக்கும் பயன்படாது. கேட்பது, திருப்புவது, மீண்டும் கேட்பது, காத்திருப்பது, எப்போது கையை எடுத்துவிட வேண்டும் என்று முடிவு செய்வது ஆகியவை அனைத்தும் மனிதருடைய வேலை.

திருச்சியிலிருந்து ஒரு வாசகி: அவருடைய வாழ்க்கையைப் பற்றிக் கட்டுரையில் மிகக் குறைவாகவே இருந்தது. இசைக் கல்லூரியில் பயின்றவரா? ஒரு பெண்ணாக அக்காலத்தில் இந்தத் துறைக்குள் எப்படி வந்தார்?

1932-ல் பாரிசில் பிறந்தவர், பெற்றோர் வணிகர்கள். சிறு வயதில் பியானோவும் பின்னர் ஹார்ப்பும் கற்றுக்கொண்டார். அர்மான் என்னும் பெயரில் புகழ்பெற்ற சிற்பியை மணந்து, தென் பிரான்சின் கடற்கரை நகரமான நீஸில் மூன்று குழந்தைகளோடு வாழ்ந்தார். அந்த நகரத்தின் விமான நிலையம் அவருடைய காதைப் பழக்கியது. விமானங்களின் இரைச்சலை மற்றவர்கள் தொல்லையாக நினைத்த காலத்தில், அவர் அதற்குள் அடங்கியிருந்த சுரங்களைக் கேட்டுக்கொண்டிருந்தார்.

1950-களில் பியேர் ஷேஃபரின் இசையை வானொலியில் கேட்டதுதான் திருப்புமுனை. உலகத்து ஓசைகளைப் பதிவு செய்து, வெட்டி, ஒட்டி இசையாக்கும் முறையைப் பிரெஞ்சு வானொலியின் ஆய்வுக்கூடத்தில் உருவாக்கியவர் ஷேஃபர். ரதீக் அவரிடமும் அவருடைய கூட்டாளி பியேர் ஆன்ரியிடமும் நாடாவைக் கையாளும் தொழிலைக் கற்றார். குடும்பப் பொறுப்புகள் காரணமாக அந்தப் பயிற்சி விட்டு விட்டு நடந்தது. 1967-ல் அர்மானைப் பிரிந்து பாரிசுக்குத் திரும்பியவர், ஓராண்டுக் காலம் ஆன்ரியின் உதவியாளராக இருந்தார்.

அந்த ஆண்டுகளில்தான் அவருடைய சொந்த வழி திறந்தது. ஒலிவாங்கியை ஒலிபெருக்கிக்கு அருகே கொண்டுபோனால் கீச்சென்று ஊளையிடும் என்பது நம் ஊரில் மைக் செட் கட்டுபவர் அனைவருக்கும் தெரியும். அதைத் தவிர்ப்பதே அவர்களுடைய தொழில். ரதீக் அந்த ஊளையின் விளிம்பைத் தேடிப் போனார். ஒலிவாங்கிக்கும் ஒலிபெருக்கிக்கும் இடையே சரியான தொலைவைக் கண்டுபிடித்து, ஒலி ஊளையாக வெடிக்காமலும் அணைந்துபோகாமலும் நிற்கும் ஒரு குறுகிய எல்லையில் அதை நிறுத்தி வைத்தார். ஒரு விரல் அளவு நகர்ந்தாலும் எல்லாம் கெட்டுவிடும். பின்னாளில் சிந்தசைசரின் குமிழ்களில் காட்டிய பொறுமையை அவர் முதலில் கற்றது இங்கேதான். 1970-ல் செய்த 'வீஸ் வெர்ஸா' என்னும் படைப்பை, கேட்பவர் எந்த வேகத்திலும், முன்னிருந்து பின்னாகவும் பின்னிருந்து முன்னாகவும், ஒன்றுக்கு மேற்பட்ட கருவிகளிலும் ஓடவிட்டுக் கேட்கலாம் என்று அமைத்தார்.

ஷேஃபரும் ஆன்ரியும் வெட்டி ஒட்டுவதில் நாடகத்தைக் கண்டவர்கள். இவர் வெட்டையே ஒழித்துவிட்டார். பாரிசில் இதற்கு வரவேற்பு இல்லை. 1960-களில் அர்மானோடு நியூயார்க்கில் தங்கியபோது அங்கிருந்த இளம் இசைக்கலைஞர்களை அறிந்திருந்ததால், 1970-ல் மீண்டும் அங்கே சென்று, மார்ட்டன் சபாட்னிக் நியூயார்க் பல்கலைக்கழகத்தில் நிறுவியிருந்த கூடத்தில் புக்லா சிந்தசைசரில் பணியாற்றினார். லோரி ஸ்பீகல், ரீஸ் சாத்தம் ஆகியோரும் அதே கூடத்தைப் பயன்படுத்தியவர்கள். அவருடைய நீண்ட படைப்புகளை உட்கார்ந்து கேட்பதற்கு ஆட்கள் முதலில் கிடைத்தது அமெரிக்காவில்தான்.

பெண் என்பதைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். அவருடைய பெரும்பாலான மின்னணுப் படைப்புகள் எந்த நிறுவனத்தின் கூடத்திலும் உருவாகவில்லை. பாரிசில் அவர் வசித்த வீட்டில் உருவாயின. பெரிய நிறுவனங்களின் கதவு திறப்பதற்காக அவர் காத்துக்கொண்டிருக்கவில்லை என்பதை நான் மிகவும் மதிக்கிறேன். மின்னணு இசைக்கான ஆர்ஸ் எலெக்ட்ரானிக்கா விருது 2006-ல் அவருக்குக் கிடைத்தபோது அவருக்கு வயது எழுபதைத் தாண்டியிருந்தது. அந்தத் தாமதத்தை நான் நியாயம் என்று கருதவில்லை.

திருநெல்வேலி வாசகர்: அவருடைய படைப்பு ஒன்றின் பெயர் 'கைலாஷா' என்று எழுதியிருந்தீர்கள். நாம் வணங்கும் திருக்கயிலைதானா அது?

ஆம், அதே மலைதான். ஆனால் அவர் அங்கே போய்ச் சேர்ந்தது திபெத்தியப் பௌத்தத்தின் வழியாக.

1970-களின் நடுவில் கலிபோர்னியாவின் மில்ஸ் கல்லூரியில் 'அட்னோஸ்' என்னும் படைப்பை ஒலிக்கச் செய்தபோது, கேட்க வந்திருந்த பிரெஞ்சு மாணவர்கள் சிலர் அவரிடம் வந்து பேசி, பௌத்தத் தியானத்தைப் பற்றிச் சொன்னார்கள். பாரிசுக்குத் திரும்பியதும் அதைத் தேடிச் சென்று, பாவோ ரின்போச்சே என்னும் லாமாவைக் குருவாக ஏற்று, சில ஆண்டுகள் இசையமைப்பதையே நிறுத்திவிட்டார். இசைக்குத் திரும்பிப் போகும்படி சொன்னவர் அந்தக் குருவே. அதன் பிறகு 'அட்னோஸ்' வரிசையின் எஞ்சிய இரு பகுதிகளையும், பதினோராம் பன்னிரண்டாம் நூற்றாண்டுகளில் வாழ்ந்த திபெத்திய யோகி மிலரேப்பாவைப் பற்றிய படைப்புகளையும் செய்தார்.

'மரண முத்தொகுதி' என்று நாம் அழைக்கக்கூடிய அவருடைய பெரும் படைப்பு 1988-க்கும் 1993-க்கும் இடையே உருவானது. மூன்று பகுதிகளும் சேர்ந்து ஏறக்குறைய மூன்று மணி நேரம். முதற்பகுதியான 'கியேமா', பிறப்பு, கனவு, தியானம், இறப்பு, இறந்தபின் தோன்றும் தெளிந்த ஒளி, மறுபிறவியை நோக்கிய பயணம் எனத் திபெத்திய மரபு சொல்லும் ஆறு இடைநிலைகளைப் பின்பற்றுகிறது. இரண்டாம் பகுதிதான் 'கைலாஷா'. மலையை வலம் வரும் ஒரு பயணத்தை மனத்துக்குள்ளேயே நிகழ்த்துவது. கயிலையை இந்துக்கள், பௌத்தர்கள், சமணர்கள், திபெத்தின் தொன்மையான 'பொன்' (Bön) என்னும் சமய மரபினர் ஆகிய அனைவரும் புனிதமாகக் கொள்கிறார்கள். யாரும் உச்சிக்கு ஏறுவதில்லை, ஏறக்குறைய 52 கிலோமீட்டர் சுற்றி வருகிறார்கள். மூன்றாம் பகுதி 'கூமே'.

இந்தப் படைப்பு உருவாகிக்கொண்டிருந்த ஆண்டுகளில், 1989-ல், அவருடைய மகன் ஈவ் அர்மான் கார் விபத்தில் இறந்தார். 1991-ல் குருவும் மறைந்தார். முதற்பகுதி மகனின் நினைவுக்கு உரியதாயிற்று. இந்தச் செய்தியை அறிந்த பிறகு முத்தொகுதியைக் கேட்பவர்கள் அதில் அழுகையைத் தேடக்கூடும், அது கிடைக்காது. துயரத்தை வெளிக்காட்டும் ஓர் ஏற்றமோ ஓர் உடைவோ எங்கும் வரவில்லை. மகனை இழந்த ஒரு தாய், அதே கருவியின் முன் அமர்ந்து, அதே பொறுமையோடு குமிழ்களைத் திருப்பி, தொடங்கிய வேலையை இன்னும் சில ஆண்டுகள் செய்து முடித்திருக்கிறார். எனக்குத் தெரிந்த இரங்கற்பாக்களில் இதற்கு ஈடாகச் சொல்லக்கூடியவை மிகச் சில.

நம் காரைக்கால் அம்மையார் கயிலையைக் காலால் மிதிக்க அஞ்சித் தலையால் நடந்து ஏறினார் என்று பெரியபுராணம் சொல்வதை உங்கள் கடிதத்தில் நினைவுகூர்ந்திருக்கிறீர்கள். இரண்டு மரபுகளும் வேறு வேறு. அந்த மலையை அடைவதற்கு வழக்கமான நடை உதவாது என்ற எண்ணம் மட்டும் இரண்டிலும் இருக்கிறது.

சென்னை வாசகர்: தூக்கம் வருவதற்காக இத்தகைய இசையை இரவில் ஒலிக்கவிடுகிறேன். இதுவும் ஆம்பியன்ட் இசைதானே?

உங்களுக்குத் தூக்கம் வருவதில் எனக்கு மகிழ்ச்சியே. ஆனால் இரண்டையும் ஒன்றாக வைக்க வேண்டாம். ஆம்பியன்ட் என்ற பெயரை நிலைநாட்டிய பிரையன் ஈனோ, 1978-ல் விமான நிலையங்களுக்காக வெளியிட்ட இசைத்தட்டில், கவனித்தும் கேட்கலாம், கவனிக்காமலும் விட்டுவிடலாம் என்ற அளவில் இசை அமைய வேண்டும் என்று விளக்கினார். அது நேர்மையான ஒரு கொள்கை. அதிலிருந்து நல்ல இசையும் பிறந்திருக்கிறது. ரதீக்கின் இசை கவனிக்காமல் விடுவதற்கு இடம் தருவதில்லை. கவனிக்காதவருக்கு அங்கே எதுவும் நடப்பதில்லை.

தஞ்சாவூரிலிருந்து ஒரு வீணை ஆசிரியை: மின்னணுக் கருவியைக் கைவிட்டு, பிற்காலத்தில் வாய்மொழியாகக் கற்பிக்கத் தொடங்கினார் என்று படித்தேன். நம் குருகுல முறையைப் போன்றதா?

2000-ல் முடித்த 'லீல் ரெசோனாந்த்' அவருடைய கடைசி மின்னணுப் படைப்பு. அதன் பிறகு அவரைத் தேடி வந்தவர்கள் வாத்தியக் கலைஞர்கள். முதலில் மின் பாஸ் கிதார் வாசிக்கும் காஸ்பர் டோப்லிட்ஸ்; பிறகு, 2005-ல் முதன்முதலாக மேடையேறிய 'நல்ஜோர்லாக்' படைப்புக்காகச் செல்லோக் கலைஞர் சார்ல்ஸ் கர்டிஸ்.

செல்லோப் படைப்பைப் பற்றிச் சற்று விரித்துச் சொன்னால் வீணை ஆசிரியையான உங்களுக்கு உடனே பிடிபடும். ஒவ்வொரு செல்லோவிலும் ஏதோ ஒரு சுரத்தில், தந்தியின் அதிர்வும் மரப்பெட்டியின் சொந்த அதிர்வும் ஒன்றோடொன்று மோதும். அந்த இடத்தில் வில் போட்டால் ஒலி நிலையாக நிற்காமல் தடுமாறி உறுமும். மேலைநாட்டினர் அதை ஓநாய் என்றே அழைக்கிறார்கள். அதை அடக்குவதற்குச் சிறு உலோகத் துண்டுகளைத் தந்தியில் மாட்டுகிறார்கள். ரதீக்கும் கர்டிஸும் அந்த ஒதுக்கப்பட்ட சுரத்தையே ஆதார சுருதியாக எடுத்துக்கொண்டார்கள். நான்கு தந்திகளையும், தந்திகளைத் தாங்கும் வால்பகுதியையும், தரையில் ஊன்றும் முள்ளையும்கூட அந்தச் சுரத்துக்கு எவ்வளவு நெருக்கமாக முடியுமோ அவ்வளவு நெருக்கமாகச் சேர்த்தார்கள். இளமையில் மைக்கின் ஊளையை நிறுத்திவைத்த அதே காது இங்கேயும் வேலை செய்கிறது. கருவி மாறியிருக்கிறது, மற்றவர்கள் விலக்கும் ஒலியின் விளிம்பில் போய் நிற்கும் வழக்கம் மாறவில்லை. மின்னணுக் கருவியை அவர் கைவிட்டார் என்று சொல்வதை நான் விரும்பாததற்கு இதுவே காரணம். ஆர்ப் சிந்தசைசரில் 30 ஆண்டுகள் தேடிய ஒலியை, மரத்திலும் தந்தியிலும் மூச்சிலும் கண்டடைந்தார் என்றே நான் சொல்வேன்.

2011-ல் ஹார்ப் கலைஞர் ரோட்ரி டேவிஸுக்காகச் செய்த படைப்போடு 'ஓக்கம்' என்னும் வரிசை தொடங்கியது. தனியொருவர் வாசிப்பவை எண்களால் குறிக்கப்படும். இருவர் சேர்ந்தால் 'நதி', மூவரோ நால்வரோ சேர்ந்தால் 'டெல்டா', முழு இசைக்குழுவுக்கு வரும்போது 'பெருங்கடல்'. எழுதப்பட்ட சுரக்குறிப்பு எதுவும் இல்லை. வாத்தியக் கலைஞர் பாரிசில் அவருடைய வீட்டுக்கு வருவார். இருவரும் பேசி, ஓடையோ அலையோ ஆழ்கடலோ நீரைப் பற்றிய ஒரு காட்சியைத் தேர்ந்துகொள்வார்கள். வாத்தியத்திலிருந்து எழும் ஒலிகளைக் கேட்டு, இது வேண்டும், இது வேண்டாம், இங்கே இன்னும் மெதுவாக என்று அவர் சொல்லச் சொல்ல, சில நாள் அமர்வுகளில் படைப்பு உருவாகும். அது அந்தக் கலைஞருக்கே உரியது; அவர் விரும்பினால் இன்னொருவருக்கு நேரில் கற்பிக்கலாம்.

குருகுலத்தோடு இதற்கு ஒற்றுமை உண்டு, வேறுபாடும் உண்டு. நேரில் இருந்து காதால் வாங்கிக்கொள்வதும், தாளில் எழுத முடியாதவற்றுக்கு மதிப்பு அதிகம் என்பதும் ஒற்றுமைகள். ஆனால் நம் குரு தமக்குத் தெரிந்த ஒரு கிருதியைச் சீடருக்குக் கொடுக்கிறார். அந்தக் கிருதி சீடர் பிறப்பதற்கு முன்பே இருந்தது. ரதீக் கொடுப்பதற்கு முன்கூட்டியே ஒன்றும் இல்லை. அந்த வாத்தியக் கலைஞர் இல்லாவிட்டால் அந்தப் படைப்பும் இல்லை. மேலும் அவரிடம் வந்தவர்கள் தங்கள் வாத்தியத்தில் முழுத் தேர்ச்சி பெற்றவர்கள். இருபது நிமிடம் ஒரே சுரத்தை வில்லின் அழுத்தம் மாறாமல் இழுப்பதற்கு எத்தனை ஆண்டுப் பயிற்சி வேண்டும் என்பது உங்களைப் போன்றவர்களுக்குத்தான் தெரியும்.

யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு வாசகர்: எங்கிருந்து கேட்கத் தொடங்குவது? ஹெட்ஃபோன் போதுமா?

கைபேசியின் சிறு ஒலிபெருக்கியில் மட்டும் கேட்க வேண்டாம். இந்த இசையின் அடித்தளம் தாழ்ந்த சுரங்களில் இருக்கிறது. அவற்றை எழுப்பும் வலிமை அவ்வளவு சிறிய ஒலிபெருக்கிக்கு இல்லை. அதில் கேட்டுவிட்டு ஒன்றுமே இல்லை என்று எழுதியிருக்கும் வாசகர்கள் உண்மையாகவே பாதி இசையைக் கேட்கவில்லை. ஹெட்ஃபோன் நல்லது, அறையில் வைத்த இரண்டு நல்ல ஒலிபெருக்கிகள் அதைவிட நல்லவை. நீண்டு நிற்கும் சுரங்கள் சுவர்களில் மோதித் திரும்பி, அறையின் சில இடங்களில் வலுத்தும் சில இடங்களில் தேய்ந்தும் நிற்கும். தலையைச் சற்றுத் திருப்பினாலே ஒரு சுரம் மறைந்து இன்னொன்று தெரியும். ஒலி எந்தத் திசையிலிருந்து வருகிறது என்பது தெரியாதபடி அரங்கம் முழுவதையும் நிரப்ப வேண்டும் என்பதில் ரதீக் மிகுந்த கவனம் செலுத்தியதற்குக் காரணம் இதுதான். அரங்குக்கு அரங்கு ஒலிபெருக்கிகளின் இடத்தை மாற்றி மாற்றிப் பார்ப்பார். ஒலி மிகையாகவும் இருக்கக்கூடாது. பக்கத்து அறையில் ஒருவர் பேசினால் கேட்கும் அளவு போதும்.

'லீல் ரெசோனாந்த்' படைப்பிலிருந்து தொடங்குங்கள். ஒரு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். மனிதக் குரலை ஒத்த ஒலிகள் இடையே எழுவதால் பழகாத காதுக்கும் பிடிமானம் கிடைக்கும். அடுத்து 'நல்ஜோர்லாக்' செல்லோப் பகுதி. 'கியேமா'வை மூன்றாவதாக வைத்துக்கொள்ளுங்கள். ஒலிவாங்கியின் ஊளையைக் கொண்டு 1960-களில் செய்த ஃபீட்பேக் படைப்புகள் கரடுமுரடானவை. எனக்கு மிகவும் பிடித்தவை அவை என்றாலும், முதலிலேயே அவற்றைக் கேட்கும்படி யாருக்கும் சொல்ல மாட்டேன்.

சேலத்திலிருந்து ஒரு கல்லூரி மாணவி: என்னிடம் மடிக்கணினி மட்டுமே இருக்கிறது. இதைப் போல ஒன்றை நானே செய்து பார்க்க முடியுமா?

முடியும். இலவசமாகக் கிடைக்கும் எந்தச் சிந்தசைசர் மென்பொருளிலும் இரண்டு அலையியற்றிகளும் ஒரு வடிகட்டியும் இருக்கும். தொடக்கத்துக்கு அவையே போதும். எதிரொலி போன்ற அலங்காரங்களை முதலில் அணைத்துவிடுங்கள், ஏனென்றால் அவை எந்த ஒலியையும் அழகாக்கிக் காட்டி உங்கள் காதை ஏமாற்றும். இரண்டு அலையியற்றிகளையும் ஒரே சுரத்தில் வைத்து, ஒன்றை மட்டும் விம்மல் கேட்கும் வரை மெல்ல நகர்த்துங்கள். விம்மல் ஐந்து விநாடிக்கு ஒரு முறை என்ற அளவுக்கு வந்ததும் நிறுத்திக்கொண்டு, வடிகட்டியை மூடிய நிலையிலிருந்து முழுவதும் திறப்பதற்கு இருபது நிமிடம் எடுத்துக்கொள்ளுங்கள். தானியங்கி வசதியைப் பயன்படுத்தாமல் கையாலேயே திருப்புங்கள். கை எங்காவது தாவிவிட்டால் பதிவை அழித்துவிட்டு மறுபடியும் தொடங்குங்கள். ஒரு முழுப் பதிவு கிடைத்ததும் இந்தப் பகுதிக்கு அனுப்பிவையுங்கள், கேட்டுவிட்டு எழுதுகிறேன்.